ஜெசிந்தாவுக்கு முன்னால் வந்து சேர்ந்த குரல்

இந்தக் கதையைக் குணாளன் பத்தொன்பது வருஷமாக நம்பவில்லை. நம்பாமலேயே அதை நோட்டில் எழுதி வைத்தார், நம்பாமலேயே ஆறு தடவை பஸ் ஏறிப் போய் மறுபடி மறுபடி கேட்டார், ஒவ்வொரு தடவையும் திருச்சிக்குத் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, இதில் நான் நம்பாதது எதை என்று தன்னையே கேட்டுக்கொண்டார், பதில் வருவதற்குள் ஊர் வந்துவிடும், இறங்கிப் போய்விடுவார்.

அவருக்கு ஐம்பத்து நாலு வயது. ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிற வேலை. அடுத்தவர் எழுதியதைச் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர். மிச்ச நேரத்தில், சினிமாப் பாட்டுகளின் பின்கதைகளை ஒரு மாத இதழுக்கு எழுதிவந்தார். எந்தப் பாட்டில் புல்லாங்குழல் வாசித்தவருக்கு அன்று காலையில்தான் பல் பிடுங்கியது, எந்த மழைப்பாட்டு கத்திரி வெயிலில் மின்விசிறியை அணைத்துவிட்டுப் பதிவானது, எந்தப் பாட்டின் நடுவில் கேட்கும் கைதட்டல் உண்மையில் சப்பாத்திக்கு மாவு தட்டுகிற சத்தம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால்தான் அச்சுக்குக் கொடுப்பார். அப்படிக் கொடுக்காமல் நோட்டிலேயே தங்கிப்போன கதை இது ஒன்றுதான்.

‘மூணாவது மணி’ என்ற படம் ஒன்பது நாள் ஓடியது. அதில் வந்த ‘மைனாவுக்குச் சொல்லிவிட்டேன்’ என்ற பாட்டு முப்பத்தைந்து வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது, டவுன் பஸ்ஸிலும் டீக்கடையிலும் சடங்கு வீட்டிலும், தாலி கட்டுகிற நேரம் தவிர மற்ற எல்லா நேரத்திலும் கல்யாண மண்டபங்களிலும். பாடியவர் ஜெசிந்தா. சினிமாவில் அவர் பாடிய ஒரே பாட்டு. அதன் இரண்டாவது சரணத்தில், காதில் ஹெட்போனை அழுத்திவைத்துக் கேட்டால், குரலுக்கு அடியில் எங்கோ தண்ணீர் இறங்குகிற இரைச்சலும், அதற்கும் அடியில் ஒரு பெண், “டேய், கம்பியிலருந்து எறங்குடா!” என்று அதட்டுவதும் கேட்கும். அது யார் என்று ரசிகர்கள் முப்பத்தைந்து வருஷமாகச் சண்டை போடுகிறார்கள். ஸ்டூடியோவைப் பெருக்குகிற அம்மா என்பார்கள், தயாரிப்பாளரின் மாமியார் என்பார்கள், பழைய நாடாவின் மேல் பதிவு செய்துவிட்டார்கள் என்பார்கள். செம்பூத்தூரில் மைக் செட் வைத்திருந்த உதுமான் பாய் மட்டும், “அது சுண்டல் விக்கிற பேச்சி, தம்பி. மகனைத் திட்டுறா” என்றார், கடைவாசலில் நாற்காலியைத் துடைத்துப் போட்டுக்கொண்டே, யாரோ மணி கேட்டதற்கு மணி சொல்வதைப் போல.

பாய் சொன்னது இது.

அந்த வருஷம் காணும் பொங்கலுக்குச் செம்பூத்தாறு அணைப் பூங்காவில், மத்தியானம் இரண்டு மணிக்கு, திண்டுக்கல் வெண்புறா இன்னிசைக் குழுவின் கச்சேரி. பதினெட்டு கிராமத்து ஜனங்கள் கட்டுச்சோற்றோடு வந்து புல்தரையில் ஒரு விரல் இடம் விடாமல் உட்கார்ந்திருக்க, மேடையில் எல்லாரும் இருந்தார்கள், ஜெசிந்தாவைத் தவிர. அவர் வத்தலக்குண்டில் தையல் கடை வைத்திருந்தார். ஒரு கல்யாணப்பெண்ணின் ஜாக்கெட்டை முடித்துக் கொடுத்துவிட்டு ஏறிய பஸ், மலைப்பாதையின் நாலாவது வளைவில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. மேடையில் அது யாருக்கும் தெரியாது. ஆண் பாடகர்கள் தனிப்பாட்டாகப் பதினோரு பாட்டைப் பாடித் தீர்த்துவிட்டார்கள். கூட்டம் ஜோடிப் பாட்டு கேட்டு விசில் அடித்தது. ஜனங்கள் கேட்கும் பாட்டை எழுதி அனுப்பும் சீட்டுகள் கீபோர்டு மேல் குவிந்து, அதை வாசிக்கும் குழுத்தலைவர் அருளானந்துவின் விரல்களை மறைத்தன.

மெல்லிசைக் குழுக்களில் ஒரு பழக்கம் உண்டு. பாடகி தாமதமானால் வாத்தியத்தை நிறுத்த மாட்டார்கள். முன்னிசையைத் தொடங்கிவிடுவார்கள், அது முடிவதற்குள் அந்தம்மா மேடைக்குப் பின்னாலிருந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே ஏறி வந்து சரியாக முதல் அடியைப் பிடித்துவிடுவார். அந்தத் தைரியத்தில் அருளானந்து, மூன்று நாற்பதுக்கு மைக்கைப் பிடித்து, “இதோ, நீங்கள் ஆவலோடு எதிர்பார்த்த இசைக்குயில் ஜெசிந்தா, உங்கள் முன்னிலையில்!” என்று அறிவித்தார். டிரிபிள் காங்கோ உருண்டது, கிதார் சிணுங்கியது, முன்னிசை முடிந்தது. மேடைப்படியில் யாரும் ஏறவில்லை. ஆனால் வலதுபக்க மைக்கிலிருந்து ஜெசிந்தாவின் குரல் பாட ஆரம்பித்தது, சுருதி பிசகாமல், மேல் ஸ்தாயிக்குப் போவதற்கு முன்னால் அவர் எப்போதும் போடுகிற அந்தச் சின்னத் தயக்கத்தோடு.

“அப்ப நீங்க என்ன பாய் செஞ்சீங்க?”

“மைக்கை இறக்கினேன். குரல் மைக்குக்கு நாலு விரல் கீழேருந்து வந்துச்சு. அந்தம்மா குள்ளம்ல?”

கூட்டத்துக்கு முதலில் கொஞ்சம் குழப்பம் இருந்தது என்றாலும், ஒரு சரணத்துக்குள் தெளிந்துவிட்டது. ‘ஏம்மா ஆளைக் காணோம்’ என்று கேட்ட குழந்தைக்குத் தாய், அக்கா வெட்கப்படுது என்று சொன்னாள். முன்வரிசை எழுந்து நின்றால் மறைக்கிறது என்று வழக்கமாக நடக்கிற கைகலப்பு அன்று நடக்கவில்லை, மறைப்பதற்கு ஒன்றும் இல்லாததால். விழாக்குழுவினர் பொன்னாடையை எதன்மேல் போர்த்துவது என்று தனியே போய்ப் பேசி, கடைசியில் மைக் ஸ்டாண்டுக்குப் போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். யாரோ சோடாவை உடைத்து மைக்குக்கு எதிரே பயபக்தியோடு நீட்டினார். ஒரு மாமா மட்டும் கடைசிவரை அது ரெக்கார்டு என்றே சாதித்தார். அவரிடம், ரெக்கார்டு என்றால் உங்கள் பேரைச் சேர்த்துப் பாடுமா என்று கேட்டு, பாடவைத்துக் காட்டியதும், சரி, ரெக்கார்டு இல்லை, ஆனாலும் முன்வரிசைக்குத்தான் பாடுகிறது என்று வேறு குறை சொல்ல ஆரம்பித்தார்.

ஐந்தரை மணிக்கு ஒரு தக்காளி லாரி பூங்கா வாசலில் நின்றது. புடவையெல்லாம் புழுதியாக ஜெசிந்தா இறங்கினார். சரியாக மூன்று நாற்பதுக்கு, நின்றுபோன பஸ்ஸில், கண்டக்டரிடம் “எவ்வளவு நேரமாகும்ணே” என்று அவர் கேட்டபோது, ‘எவ்வளவு’ வெளியே வந்தது, ‘நேரமாகும்ணே’ வரவில்லை. அதிலிருந்து வாயைத் திறந்தால் காற்றுதான். இப்போது கூட்டத்தின் கடைசியில் நின்று, தன் தொண்டை குறுக்கே இல்லாமல் தன்னை முதன்முதலாகக் கேட்டார். மூன்று பாட்டு முடிகிறவரை அசையவே இல்லை. பிறகு மேடைக்குப் பக்கத்தில், ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பாயிடம் போய், ஒரு சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார்: ‘நான் இப்படியா பாடுறேன்?’

பாய் கொஞ்சம் யோசித்துவிட்டு, “இதைவிட நல்லாப் பாடுவீகம்மா. இன்னிக்குக் கொஞ்சம் தொண்டை கட்டியிருக்கு” என்றார். ஜெசிந்தா சத்தமில்லாமல் சிரித்தார். அடுத்த சீட்டில் எழுதியபோது சிரிப்பு இல்லை. ‘இருபதாம் தேதி காலை ஒன்பது மணிக்கு மெட்ராஸில் ரெக்கார்டிங். எட்டு வருஷம் காத்திருந்து கிடைத்தது. இது என்கூட வரணும்.’

குரல் வரவில்லை. பாட்டு நின்ற இடைவெளிகளில் அவர் மைக்கின் அருகே போய் வாயைத் திறந்து நின்று பார்த்தார். பறவைக்கு வாசல் திறந்துவிடுவதைப் போல இருந்தது என்றார் பாய். அடுத்த சீட்டை அருளானந்து வாசித்ததும் குரல் மைக்கிலிருந்தே எடுத்துப் பாடியது.

மறுநாள் பந்தலைப் பிரிக்க வந்தவர்கள் பிரிக்காமல் உட்கார்ந்து கேட்டார்கள். ஊருக்குக் குரல் பழகிவிட்டது. இரண்டு நாளில், அது முன்பு இல்லாத ஊரை நினைத்துப் பார்க்கவே சிரமமாகிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பிரேயருக்குப் பூங்காவுக்கே வந்தார்கள். பால் குடிக்காத குழந்தையைத் தூக்கி வந்தார்கள், குடித்தது. ஏழு வருஷமாகப் பேசாத அண்ணன் தம்பி, தனித்தனியாக ஒரே பாட்டைக் கேட்டுச் சீட்டு எழுதி, அருளானந்து இரண்டையும் சேர்த்து வாசித்துவிட, ஒருவரையொருவர் முறைத்தபடியே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். பாட்டு கேட்டது போய் மற்றதெல்லாம் சீட்டில் வர ஆரம்பித்தது. என் செவலைக் கோழியைக் காணோம், கண்டவர்கள் சொல்லவும். என் மகன் கணக்கில் ஆறு மார்க், புத்தி வருகிற மாதிரி ஒரு பாட்டு. குரல் எல்லாவற்றையும் மெட்டுப் போட்டுப் பாடியது. எதையும் மறுக்கவில்லை. கோழிகூடக் கிடைத்தது.

இதையெல்லாம் மேடைக்கு அடியில் ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தாவுக்குத்தான், பதினெட்டாம் தேதி காலையில், பாய் கொண்டுவந்த டீயைக் குடிக்கும்போது, விஷயம் பிடிபட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வேகவேகமாக எழுதினார்: ‘பாய், சீட்டு மிச்சம் இருக்கும்போது நான் மேடையை விட்டு இறங்கினதே இல்லை. நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலிலும் இறங்கினதில்லை. அதுவும் என்னை மாதிரிதானே இருக்கும்?’

சீட்டு தீர்ந்தால்தான் குரல் இறங்கும். சீட்டோ நிமிஷத்துக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்தது.

பாய் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஊராட்சித் தலைவர் பெத்தணனிடம் ஓடினார். பெத்தணன் பெரிய மீசைக்காரர், நியாயமானவர், ஆனால் குரல் வந்ததிலிருந்து அவர் ஊரை விட்டு எங்கும் போகவில்லை. பந்தலுக்கடியில் ஊர் கூடியது. அவர் ஜெசிந்தாவைப் பார்த்து, “ஏத்தா, நாங்க யாரும் புடிச்சு வைக்கலியே. தானா வந்துச்சு, தானா பாடுது. தானா வந்ததை எப்படித்தா போகச் சொல்றது?” என்றார்.

சுண்டல் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பேச்சி எழுந்தாள். “தலைவரே, உங்க எருமை அடுத்த ஊர் வைக்கப் படப்புல போய் நிக்குது. தானா வந்துச்சுன்னு அவன் கறந்துக்கிட்டிருந்தா, நீங்க பாத்துக்கிட்டு வருவீகளா?”

“எருமையும் குரலும் ஒண்ணா?”

“எருமைக்காச்சும் கழுத்துல கயிறு கெடக்கு, அடையாளஞ் சொல்லலாம். இந்தப் புள்ளைக்கு வாயில்ல, என்னத்தச் சொல்லும்?” என்ற பேச்சி, அதே மூச்சில் அணையின் கைப்பிடிப் பக்கம் திரும்பி, “டேய், கம்பியிலருந்து எறங்குடா!” என்று மகனை அதட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

ஜனங்கள் சிரித்தார்கள். சிரித்த பிறகு அவர்களால் குரலை வைத்துக்கொள்ள முடியவில்லை. புதுச் சீட்டு எழுதக் கூடாது, கொடுத்த சீட்டைப் பாடித் தீர்த்தாக வேண்டும், நாளை மாலை ஐந்து மணிக்கு அணைக்கட்டு நிறுத்தத்திலிருந்து கிளம்புகிற பஸ்ஸில் ஏறினால் விடியும்போது மெட்ராஸ் என்று முடிவானது. அருளானந்து எண்ணிப் பார்த்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு.

அதன்பிறகு நடந்ததைச் சொல்லும்போது பாய் நாற்காலியில் உட்கார மாட்டார், எழுந்துவிடுவார், ஆறு தடவையும் அப்படித்தான். எப்படிப் பாடினாங்க தெரியுமா தம்பி, என்று ஆரம்பிப்பார். பல்லவியும் ஒரு சரணமும் மட்டும் என்று வைத்துக்கொண்டு, ஒரு பாட்டின் கடைசித் தாளத்திலேயே அடுத்ததின் முதல் தாளத்தைப் பிடித்து, சோகப் பாட்டையும் ஓட்டமாக ஓட்டி, ஓட்டத்தில் சோகம் கெடாமல், காங்கோக்காரர் விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு அடிக்க, கிதார்க்காரருக்கு ஒருத்தி சோற்றை உருட்டி வாயில் ஊட்ட, ஒரு சீட்டு முடிந்ததும் ஊரே ஒன்று குறைந்தது என்று கத்த, இருநூறு, நூற்றைம்பது, நூறு என்று இறங்கி, மறுநாள் மத்தியானம் நாற்பதாகி, தங்கள் பாட்டு வரும்போது ஜனங்கள் எழுந்து நின்று கேட்டு, முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்தவருக்கு இடம் விட்டு, பத்தாகி, மூன்றாகி, நாலே கால் மணிக்கு அருளானந்து வெறும் கையை உயர்த்திக் காட்டி, “சீட்டு முடிந்தது!” என்றார்.

ஜெசிந்தா மைக் முன்னால் போய் வாயைத் திறந்தார். ஒன்றுமில்லை.

“எவனோ ஒருத்தன் சீட்டைக் குடுக்காம வச்சிருக்கான்” என்றார் பெத்தணன். உடனே தேடல் தொடங்கியது. சட்டைப்பை, மடி, சுருக்குப்பை, தலைப்பாகை, டிபன் தூக்கு. பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. விஷயம் கேள்விப்பட்ட டிரைவர் ஹாரனை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். பயணிகளும் இறங்கித் தங்கள் பைகளைக் கொட்டிக் காட்டினார்கள், ஊருக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள்கூட. கடைசியில் பேச்சி, “எல்லாரையும் தேடச் சொல்றவுக துண்டை ஒருக்கா உதறுங்க பாப்போம்” என்றாள். பெத்தணனின் துண்டிலிருந்து நாலாக மடித்த சீட்டு விழுந்தது. அருளானந்து வாசித்தார்: ‘ஒரு தாலாட்டு. பேர் சொல்ல வேண்டாம்.’

ஊர் ஓவென்று சிரித்தது. குரல் பாட ஆரம்பித்ததும் அடங்கியது. அந்த மீசைக்காரர் மேடைப்படியில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, முழுத் தாலாட்டையும் கேட்டார். அதற்கு மட்டும் யாரும் அவசரப்படுத்தவில்லை. முடிந்தபோது மணி ஐந்தாகப் பத்து நிமிஷம்.

ஜெசிந்தா வாயைத் திறந்தார். அப்போதும் இல்லை.

அவர் முகம் எப்படியானது என்பதைப் பாய் சொன்னதில்லை. அந்த இடத்தில் ஆறு தடவையும் அவர் கடைப்பக்கம் திரும்பி எதையாவது எடுத்து வைப்பார். “டிரைவர் பாத்தாரு. என்னால இதுக்கு மேல நிறுத்த முடியாதும்மான்னு சொல்லிட்டுப் போயி உக்காந்தாரு. எல்லாரும் பஸ் பக்கம் ஓடுறாங்க, இன்னும் ஒரு நிமிசம்ணே, ஒரு நிமிசம்ணேன்னு. மேடைகிட்ட நானும் அந்தம்மாவுந்தான். நான் குனிஞ்சு ஆம்ப்ளிஃபயர் சுவிட்ச்சை அணைச்சேன். அவ்வளவுதான் தம்பி. குரல் போயிருச்சு.”

எங்கே போனது என்பது உடனே தெரிந்துவிட்டது. பந்தலுக்கடியிலிருந்து, மைக்கும் இல்லாமல் செட்டும் இல்லாமல், அணையின் எதிர்க்கரை வரைக்கும் கேட்கிற மாதிரி, “டிரைவரண்ணே! போயிராதீங்க! இந்தா வந்துட்டேன்!” என்று கத்திக்கொண்டு ஜெசிந்தா ஓடினார், ஒரு செருப்பு கழன்று விழ, அதைப் பேச்சியின் மகன் எடுத்துக்கொண்டு ஓடி ஜன்னல் வழியாக எறிய, பதினெட்டு கிராமமும் பஸ்ஸின் பின்னால் கை தட்டிக்கொண்டே ஓட. இருபதாம் தேதி காலை ஒன்பது மணிக்கு ஜெசிந்தா ஸ்டூடியோவில் நின்றார். ஒரே டேக். சவுண்ட் இன்ஜினீயர் மட்டும் இரண்டாவது சரணத்தில் பாட்டுக்கு அடியில் ஏதோ ஓர் அம்மா அதட்டுகிறாளே என்று அறை முழுக்கத் தேடிவிட்டு, கிடைக்காமல், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாராம். நாலு நாள் அணைக்கரையில் கிடந்த குரல் வெறுங்கையோடா வரும், என்பார் பாய்.

குணாளன் தன் வழக்கப்படி எல்லாவற்றையும் சரிபார்த்தார். பஸ் அச்சு முறிந்தது உண்மை. தக்காளி லாரி உண்மை. ஓட்டியவரைக் கம்பத்தில் கண்டுபிடித்தார். மைக் ஸ்டாண்டுக்குப் பொன்னாடை போர்த்திய படம், விழாக்குழுச் செயலாளரின் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. பேச்சியின் மகன் இப்போது அதே அணையில் ஷட்டர் ஆபரேட்டர். அந்த அதட்டலைக் கேட்கவைத்தபோது, அவன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து முகம் கழுவப் போய்விட்டான். கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கும் ஜெசிந்தாவைப் போய்ப் பார்த்தார். அதற்குப் பிறகு ஏன் சினிமாவில் பாடவில்லை என்றதற்கு, “யாரும் கூப்பிடலை சார், அதுல ஒரு மர்மமும் இல்ல” என்று சிரித்தவர், சீட்டுகளைப் பற்றிக் கேட்டதும் முந்நூற்றுப் பதிமூன்று பாட்டையும் வரிசையாகச் சொன்னார், தலைவரின் தாலாட்டு உள்பட. பிறகு ஏதோ சொல்ல வந்து, “காபி ஆறுது, குடிங்க” என்றார்.

ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் அல்ல, இருபது பேர் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் நம்ப முடியவில்லை. உடம்பில்லாமல் ஒரு குரல் வந்தது என்பதையா என்று தன்னைக் கேட்டுப் பார்த்தார். இல்லை, அதை முதல் தடவையே நம்பிவிட்டார், அது அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பிறகு எதை? ஏழாவது தடவை போகும்போது, போகிற வழியிலேயே, பஸ் மலைப்பாதையின் நாலாவது வளைவில் திரும்புகையில், மெய்ப்பில் ஒரு பிழை கண்ணில் தட்டுப்படுவதைப் போல அது தட்டுப்பட்டது. பதினேழாம் தேதி மத்தியானம் மூன்று மணி நேரம் மின்தடை. அன்று மின்வாரியத்தில் வேலை பார்த்தவர் சொன்னது. ஆனால் பதினேழாம் தேதி மத்தியானம்தான் அந்தக் குழந்தை பால் குடித்தது. கரண்டே இல்லாமல் பாடிய குரல் அது. சுவிட்ச்சை அணைத்தால் அது எப்படிப் போகும்?

பாய்க்கு எழுபத்தெட்டு வயதாகிவிட்டது. கடையில் இப்போது மகனுடைய பெரிய பெரிய டிஜே பெட்டிகள். அவர் வழக்கம்போல் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். குணாளன் நோட்டை வெளியில் எடுக்கவில்லை.

“பாய், கரண்ட் இல்லாத அன்னிக்கும் அது பாடியிருக்கு.”

“பாடுச்சே.”

“அப்புறம் சுவிட்ச்சை அணைச்சதும் எப்படி நின்னுச்சு?”

பாய் கடைப்பக்கம் திரும்பினார். எடுத்து வைக்க அங்கே ஒன்றும் இல்லை. எல்லாம் மகன் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் நிற்பதைப் பார்த்தபோது, குணாளனுக்கு இத்தனை வருஷமாகத் தான் இந்தக் கேள்வியின் பக்கத்தில் வந்து வந்து திரும்பிப் போனது ஏன் என்று புரிந்தது. அந்தக் குரலுக்கு முன்னால் நான் நின்றிருந்தால் என்ற நினைப்பு ஒவ்வொரு தடவையும் வரும். நின்றிருந்தால் என்று தொடங்கி, தனக்கு அதற்கு மேல் ஒன்றுமே தோன்றாததைக் கண்டு பயந்துபோய், தகவல்களைச் சரிபார்க்கப் போய்விடுவார். ஐம்பத்து நாலு வயதில், ஆயிரம் பாட்டுகளின் பின்கதை தெரிந்தவருக்கு, தனக்கென்று கேட்க ஒரு பாட்டு இல்லை. இந்த மனிதருக்கு இருந்திருக்கிறது. ஊரே சீட்டு எழுதிய நாலு நாளும் எழுதாமல், அந்தக் குரலுக்குப் பக்கத்திலேயே டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டும் மைக்கை இறக்கிக்கொண்டும் அந்தப் பாட்டை மனசுக்குள்ளேயே வைத்திருந்து, பஸ் கிளம்பப் போன கடைசி நிமிஷத்தில், வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று செட்டை அணைத்திருக்கிறார்.

குணாளன் எழுந்து அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“சுவிட்ச்சை அணைச்சிட்டு,” என்றார், “நீங்க என்ன பாட்டு கேட்டீங்க, பாய்?”